தற்போது வழங்குபவர்

அட்டைப்பெட்டி செய்யும் அந்தக் கம்பெனியில் அவளுக்குக் கொட்டேஷன் அக்கா என்றுதான் பெயர். பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் ஒன்று உண்டு. அது சம்பளச் சீட்டில் பத்திரமாக இருந்தது. பசை, மை, சணல் கயிறு, கழிப்பறை கழுவும் திரவம், முதலாளி அறைக்குத் திரைச்சீலை, எதுவானாலும் மூன்று இடத்தில் விலை கேட்டு, மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி, ஒப்பீட்டுத் தாள் என்று ஒன்றைத் தயார் செய்து முதலாளி முன்னால் வைப்பது அவள் வேலை. பத்தொன்பது வருஷமாக அதைத்தான் செய்கிறாள். வீட்டுக்குத் தக்காளி வாங்கினாலும் மூன்று கடை ஏறி இறங்குவாள். அவள் வீட்டுக்காரர் பள்ளிக்கூட வேன் ஓட்டுபவர். தெருமுனையில் வேனை நிறுத்திவிட்டு மூன்றாவது கடைக்காகக் காத்திருந்தே தன் பாதி ஆயுள் போயிற்று என்பார்.

கம்பெனியின் பெட்டிகளில் முக்கால்வாசியை ஒரு பெரிய சோப்புக் கம்பெனி வாங்கியது. தங்களுக்குப் பெட்டி தருகிறவர்களிடம் இன்னின்ன இருக்க வேண்டும் என்று வருஷத்துக்கு ஒருமுறை அவர்கள் ஒரு பட்டியல் அனுப்புவார்கள். இந்த வருஷப் பட்டியலில் ஏழாவது, கண்ணில் ரசாயனம் பட்டால் கழுவிக்கொள்ளக் குழாய். ஒன்பதாவது, எலிப்பொறி. நடுவில் எட்டாவதாக, ஊழியர் அனைவருக்கும் பாலியல் தொல்லைத் தடுப்புப் பயிற்சி, கட்டாயம். மாதக் கடைசிக்குள் எல்லாம் வாங்கியாக வேண்டும். எதை எப்படித் தேர்ந்தெடுத்தோம் என்கிற காகிதங்களும் போய்ச் சேர வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த வருஷ ஆர்டர் அம்போதான்.

முதலாளி நல்ல மனுஷர். யாரையும் அதட்ட மாட்டார், எதையும் முழுக்கப் படிக்கவும் மாட்டார். பட்டியலின் ஓரத்தில் "வாங்கவும்" என்று எழுதி அக்காவிடம் நீட்டினார்.

"சார், எட்டாவது பொருள் இல்லையே. பயிற்சியாச்சே."

"காசு குடுத்து வாங்கறது எல்லாம் பொருள்தாம்மா. மூணு கொட்டேஷன் வாங்குங்க. சாம்பிளும் கேளுங்க. சாம்பிள் பாக்காம நாம எதையாவது வாங்கியிருக்கோமா?"

அதுவும் சரிதான். அந்தக் கம்பெனியில் எலிப்பொறிக்குக்கூட சாம்பிள் உண்டு. சாம்பிளைச் சோதித்துப் பார்த்து "ஏற்கத்தக்கது" என்று கையெழுத்துப் போடுகிற அதிகாரம் ஒரே ஒருவருக்குத்தான், புரொடக்‌ஷன் மேனேஜருக்கு. ஒன்பதாவதற்கும் அவர் கையெழுத்து, எட்டாவதற்கும் அவர் கையெழுத்து. இதை நினைத்ததும் அக்கா பட்டியலைக் கவிழ்த்து வைத்தாள்.

அதற்குக் காரணம், அன்று காலையில் அவள் மேசைக்கு வந்திருந்த ஒரு கடிதம். கலர் பார்க்கும் பெண்ணின் ராஜினாமா. வயது இருபத்து நாலு. குடும்பச் சூழ்நிலை காரணமாக மாதக் கடைசியோடு விலகிக்கொள்கிறேன் என்று எழுதியிருந்தாள். கோப்பு அலமாரி அக்காவின் முதுகுக்குப் பின்னால் இருந்ததால் இந்த மாதிரிக் கடிதங்களும் அவள் கை வழியாகத்தான் போகும். அந்தப் பெண்ணின் குடும்பச் சூழ்நிலை அக்காவுக்குத் தலைகீழ்ப் பாடம். அம்மாவுக்கு முழங்கால் போய்விட்டது, தம்பி படிக்கிறான், வீட்டில் சம்பாதிக்கிற ஆள் இவள் ஒருத்தி. வேலையில் ஒட்டிக்கொண்டிருப்பதற்கான சூழ்நிலை அங்கே மூட்டை மூட்டையாக இருந்தது. வேலையை விடுவதற்கான சூழ்நிலை வீட்டில் இல்லை. அச்சு மெஷினுக்குப் பின்னால், கலர் ரூமில் இருந்தது.

கலர் ரூம் என்பது எட்டடிக்கு ஆறடி. அச்சடித்த தாளின் நிறம் சோப்புக் கம்பெனி கொடுத்த மாதிரியோடு ஒத்துப்போகிறதா என்று அங்கே வைத்துத்தான் பார்ப்பார்கள். வெளி வெளிச்சம் துளிகூட உள்ளே வரக்கூடாது. வந்தால் சிவப்பு ஆரஞ்சாகத் தெரியும். அதனால் கதவைச் சாத்திவிட்டு, மேசைக்கு மேலே இருக்கிற ஒரே ஒரு விளக்கை மட்டும் போட வேண்டும். கலர் பார்க்கும் பெண் தாளைக் கொண்டுபோவாள், மேனேஜர் பார்த்துக் கையெழுத்துப் போடுவார். ஒரு நாளைக்கு ஆறு தடவை, ஏழு தடவை. கதவைச் சாத்த வேண்டும் என்று விதிமுறைப் புத்தகத்தில் அச்சாகவே இருக்கிறது. யார் என்ன சொல்ல முடியும்?

மேனேஜர் எல்லாப் பெண்களையும் "பாப்பா" என்பார். முகத்தில் எப்போதும் சிரிப்பு. நிறம் சரியா என்று பார்க்க அவருக்கு இரண்டு கண் போதாது, கையும் வேண்டும். தாளைத் தொடுகிற சாக்கில் தாளைப் பிடித்திருக்கிறவளையும் தொடுவார். குனிந்து பார்க்கிறேன் பேர்வழி என்று தோளில் சாய்வார். வெளியே வந்ததும் நாலு பேர் காதில் விழ, "பாப்பாவுக்குக் கலர் பாக்கற கண்ணு" என்று பாராட்டுவார்.

அக்காவுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்று கேட்டால், பர்ச்சேஸுக்கு வருவதற்கு முன்னால் மூன்று வருஷம் அவளும் கலர் பார்த்தவள்தான். அவளுக்கு யாரும் எதுவும் சொல்லித் தரவில்லை. பட்டுப் பட்டுத் தானே கற்றுக்கொண்டாள். பர்ச்சேஸில் இடம் காலியானதும் விழுந்தடித்துக்கொண்டு மாறினாள். அதற்கப்புறம் கலர் பார்க்க வந்த ஒவ்வொரு பெண்ணையும் முதல் நாளே ஸ்டோர் ரூமுக்குக் கூட்டிப்போய், மை டப்பாக்களுக்கு நடுவில் ஸ்டூல் போட்டு உட்கார வைத்து, கால் மணி நேரம் பாடம் எடுப்பாள். எழுதுகிற பேடு சின்னது வேண்டாம், இருப்பதிலேயே பெரிதாக எடுத்துக்கொள், நெஞ்சோடு அணைத்துப் பிடி. மேசைக்கு ஸ்விட்ச் இருக்கிற பக்கமாகவே நில். உள்ளே போகும் முன் மெஷின்காரரிடம் "அஞ்சு நிமிஷத்துல என்னைக் கூப்பிடுங்கண்ணே" என்று சொல்லிவிட்டுப் போ. சிவப்பு வேலை என்றால் நேரம் இழுக்கும், அன்றைக்கு இருமல் வந்த மாதிரி இருமிக்கொண்டே கதவைத் திறந்துவிடு. வீட்டில் மூச்சு விடாதே, வேலையை விடச் சொல்வார்கள். பாடம் முடிந்ததும் பெரிய பேடு ஒன்றை அக்காவே எடுத்துக் கொடுப்பாள், அதற்கும் மூன்று கொட்டேஷன் வாங்கி. தான் செய்வது புண்ணிய காரியம் என்று நம்பினாள். அந்தப் பெண்களும் கண் கலங்கி, "நீங்க இல்லேன்னா என்ன ஆகியிருக்கும் அக்கா" என்பார்கள். அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது, பொய் சொல்வானேன்.

அந்தப் பாடத்தை வரி விடாமல் கேட்டுக்கொண்ட பெண்தான் இப்போது கடிதம் கொடுத்திருக்கிறாள். அக்கா அவளைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"பேடு புடிச்சுக்கிட்டுதானே உள்ள போறே?"

"புடிச்சுக்கிட்டுதான் போறேன் அக்கா."

"அப்புறம் என்ன?"

"இப்பெல்லாம் பேடைக் கையிலிருந்து வாங்கி மேசையில வச்சுடறார்."

அக்காவின் பாடத்தில் இதற்கு விடை இல்லை. கடிதத்தை அலமாரியில் வைத்துப் பூட்டினாள். பிறகு, "கொஞ்சம் பொறு. பயிற்சின்னு ஒண்ணு வருது. நல்ல ஆளாப் பாத்துப் புடிச்சுப் போடறேன். அதுக்கப்புறம் எல்லாம் மாறிடும். லெட்டர் இப்போதைக்கு என்கிட்டயே இருக்கட்டும்" என்றாள்.

அந்தப் பெண் நம்பினாளா என்று தெரியவில்லை. "மாசக் கடைசி வரைக்கும்தான் அக்கா" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

ஆக, விஷயம் இவ்வளவுதான். நல்ல பயிற்சியாக வாங்கினால் இந்தப் பெண்ணுக்கு வேலை மிஞ்சும். மட்டமாக வாங்கினால் அவள் வீட்டுக்குப் போவாள், மேனேஜர் சான்றிதழோடு இங்கேயே இருப்பார். பசை வாங்குவதில் இப்படி ஒரு சங்கடம் அக்காவுக்கு வந்ததே கிடையாது.

சாம்பிள் பார்க்கிறபோது அந்தப் பொருளைப் பயன்படுத்துகிற ஊழியர் ஒருவரும் கூட இருக்க வேண்டும் என்று கம்பெனியில் ஒரு வழக்கம். பசை என்றால் பெட்டி ஒட்டுகிறவர் வருவார். பயிற்சிக்கு யார் என்று கேட்டதற்கு மேனேஜரே முந்திக்கொண்டு, "லேடீஸ் சைடுல நம்ம கலர் பாப்பா இருக்கட்டும்" என்றார். அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டு மீட்டிங் அறையின் மூலை நாற்காலியில் வந்து உட்கார்ந்தாள்.

முதலில் வந்தது ஒரு வீடியோ கம்பெனி. விற்பனையாளர் டை கட்டியிருந்தார். லேப்டாப்பைத் திறந்து இருபது நிமிஷப் படம் ஒன்றைக் காட்டினார். அதில் புருவம் தடித்த ஒரு கார்ட்டூன் ஆள், பக்கத்து மேசைக் கார்ட்டூன் பெண்ணிடம் ரோஜாப்பூவை நீட்டினான். "இது சரியா, தவறா?" என்று கேள்வி வந்தது. சரி என்று அமுக்கினால் படம் செல்லமாகச் சிணுங்கிவிட்டு மறுபடியும் கேட்டது. தவறு என்று அமுக்குகிற வரைக்கும் கேட்டுக்கொண்டே இருந்தது.

"இதுல ஃபெயில் ஆகறதுக்கு வழியே இல்ல மேடம்" என்றார் விற்பனையாளர்.

மேனேஜர் கேட்டார்: "நாப்பத்தாறு பேரும் ஆளுக்கு இருபது நிமிஷம் உக்காந்தா மெஷின் நின்னு போகுமே?"

"ஒருத்தரே உக்காந்து எல்லார் பேர்லயும் முடிச்சுடலாம் சார். நிறைய இடத்துல அப்படித்தான் பண்றாங்க."

"அப்ப நானே உக்காந்து முடிச்சுடறேன். பாப்பாங்களுக்கு எதுக்கு சிரமம்?"

மேனேஜரின் கடமை உணர்ச்சியைப் பார்த்து முதலாளிக்கு மனசு நெகிழ்ந்துவிட்டது.

இரண்டாவதாக வந்தவர் ஓய்வுபெற்ற வக்கீல். சட்டத்தின் பிரிவுகளை எண்ணோடு ஒப்பித்தார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, பொய்ப் புகார்களால் ஆண்கள் படுகிற பாட்டைப் பற்றி முக்கால் மணி நேரம் உருகினார். மேனேஜர் குறிப்பெடுத்துக்கொண்டார். கடைசியில் சந்தேகம் இருந்தால் கேட்கலாம் என்றபோது மூலையிலிருந்து அந்தப் பெண் எழுந்தாள்.

"ஐயா, புகார் குடுக்கணும்னா யாருகிட்ட குடுக்கணும்?"

"நல்ல கேள்வி. முதல்ல உங்க நேர் மேலதிகாரிகிட்ட குடுக்கணும்மா."

"எப்ப வேணும்னாலும் வரலாம் பாப்பா" என்றார் நேர் மேலதிகாரி.

மூன்றாவது ஆள் முன்பு தொழிலாளர் துறையில் இன்ஸ்பெக்டராக இருந்த அம்மா. பஸ்ஸில் வந்து இறங்கினார். லேப்டாப் இல்லை, டையும் இல்லை. மீட்டிங் அறையில் உட்கார மாட்டேன், முதலில் இடத்தைச் சுற்றிக் காட்டுங்கள் என்றார். மெஷின், குடோன், கழிப்பறைத் தாழ்ப்பாள் வரைக்கும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தவர், கலர் ரூம் வாசலில் நின்றார்.

"இதுக்கு எதுக்குக் கதவு?"

"வெளிச்சம் உள்ள வரக் கூடாதும்மா" என்றார் மேனேஜர்.

"ஒரு கறுப்புத் திரை தொங்கவிட்டா வராதே?"

முதலாளி அறைக்கு மூன்று தடவை திரைச்சீலை மாற்றியவள் அக்கா. இருபத்திரண்டு வருஷமாக இந்தக் கதவைத் தாண்டிப் போய் வருகிறவள். ஒரு திரை வாங்கிப் போடலாம் என்று அவள் புத்திக்கு ஒருநாளும் எட்டியதில்லை. பெரிய பேடு வாங்கத்தான் எட்டியது.

அந்த அம்மா அக்கா பக்கம் திரும்பினார். "புதுசா ஒரு பொண்ணு வேலைக்கு வந்தா, முதல் நாள் நீங்க என்ன சொல்லிக் குடுப்பீங்க?"

"சாப்பாட்டு நேரம், லீவு விவரம்... பஸ் எங்க நிக்கும்னு..."

"வேற?"

கலர் பார்க்கும் பெண் அக்காவையே பார்த்துக்கொண்டிருந்தாள். மேனேஜரும் பார்த்தார், சிரிப்பு மாறாமல். பேடு எதற்கு என்று அவருக்கு ஆதியிலிருந்தே தெரியும்.

"வேற ஒண்ணும் இல்லம்மா" என்றாள் அக்கா.

மறுநாள் சாம்பிள் முடிவுகள் மேனேஜரின் கையெழுத்தோடு வந்தன. வீடியோ, மிகவும் ஏற்கத்தக்கது. வக்கீல், ஏற்கத்தக்கது. இன்ஸ்பெக்டர் அம்மா இரண்டு நாள் கேட்கிறார், பெண்களிடம் தனியாகப் பேச வேண்டும் என்கிறார், உற்பத்தி பாதிக்கும், நிராகரிக்கலாம். போதாக்குறைக்கு மூன்றில் வீடியோவுக்குத்தான் விலையும் குறைவு. அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு அதை அப்படியே ஒப்பீட்டுத் தாளில் எழுதினாள். இத்தனை வருஷத்தில் அந்தத் தாளில் ஒரு பொய்கூட எழுதியதில்லை என்பது அவளுக்கு ஒரு கர்வம். பொய்யே எழுதாமலும் ஒருத்தியை வீட்டுக்கு அனுப்பலாம் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

முதலாளி தாளை வாங்கி, வழக்கம்போல் ஆள்காட்டி விரலைக் கட்டம் கட்டமாக ஓட்டினார். அவர் பார்ப்பது ஒன்றே ஒன்று, எங்கேயாவது காலியாக இருக்கிறதா என்று. விரல் நாலாவது பத்தியில் நின்றது. மூன்று பேர் கொடுத்த விலைக்குப் பக்கத்தில், "தற்போது வழங்குபவர்" என்று ஒரு பத்தி உண்டு. பசை என்றால் இப்போது யாரிடம் வாங்குகிறோம், எப்படி இருக்கிறது என்று அதில் எழுதுவாள். இந்தத் தடவை மேலிருந்து கீழே வரைக்கும் ஒரு கோடு இழுத்திருந்தாள்.

"இது என்னம்மா கோடு?"

"இதுவரைக்கும் யாரும் இல்ல சார். இப்பதான் முதல் தடவையா வாங்கறோம்."

"ஐயையோ, அப்படிக் காட்டாதீங்க. இத்தனை வருஷமா ஒண்ணுமே பண்ணலையான்னு சோப்புக்காரங்க கேப்பாங்க. வாய்மொழியா சொல்லிக் குடுத்தோம், அறிவுரை சொன்னோம்னு ஏதாவது போட்டு நிரப்புங்க. காலியா மட்டும் விடாதீங்க."

சாயங்காலம் அவள் தாளோடு வீட்டுக்கு வந்தபோது வீட்டுக்காரர் வாசலில் ஹோஸ் பைப்பைப் பிடித்து வேனைக் கழுவிக்கொண்டிருந்தார். பின் சீட்டில் எந்தப் பிள்ளையோ வாந்தி எடுத்திருந்தது. அக்கா படியில் உட்கார்ந்து முதலாளி சொன்னதைச் சொன்னாள்.

"இதுக்குப் போய் ஏன் மண்டையை உடைச்சுக்கறே?" என்றார் அவர். "வர்ற பொண்ணுங்களுக்கெல்லாம் நீதான் ஏதோ கிளாஸ் எடுப்பியே, ஸ்டோர் ரூம்ல வச்சு. அதை எழுதேன். ஓசியிலதானே பண்ணினே."

அவர் வேன் கண்ணாடியைத் துடைத்தபடியே தொடர்ந்தார். "ஆமா, நம்ம பொண்ணு வேலைக்குச் சேர்ந்தப்ப நீ ஏன் அந்தக் கிளாஸ் எடுக்கல?"

அவர்கள் மகள் வேறு ஊரில் ஒரு ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனை செய்கிறவள். சேர்ந்து ஒரு வருஷம் ஆகிறது.

"அவளுக்கு எதுக்கு?"

"அதான் கேக்கறேன். அவகிட்ட போன்ல என்ன சொன்னே? எவனாவது கை வச்சா அங்கேயே கத்து, நாலு பேரைக் கூட்டு, வேலை போனா போகட்டும், அம்மா இருக்கேன்னு சொன்னே. நான் பக்கத்துலதானே நின்னேன். பேடு கீடெல்லாம் அனுப்பலையே நீ."

வேன்காரருக்குக் குத்திக்காட்டத் தெரியாது. சந்தேகம் வந்தது, கேட்டார். கேட்டுவிட்டு டயரைக் கழுவப் போய்விட்டார். அக்காவுக்கு அவமானமாக இருந்தது. யாரோ வெளியாள் வந்து திட்டியிருந்தால்கூட நாலு வார்த்தை திருப்பிச் சொல்லியிருப்பாள். தட்டில் போட்ட சோற்றை அன்றைக்கு அவளால் முடிக்க முடியவில்லை.

மறுநாள் அரை மணி நேரம் முன்னதாகவே ஆபீசுக்குப் போனாள். புதுத் தாளை எடுத்து, நாலாவது பத்தியை மேலிருந்து நிரப்பத் தொடங்கினாள். வழங்குபவர் என்ற இடத்தில் சம்பளச் சீட்டில் இருக்கிற தன் பெயரை எழுதினாள். எவ்வளவு காலமாக என்பதற்குப் பத்தொன்பது வருஷம். விலை, இலவசம். பயிற்சியின் உள்ளடக்கம் என்ற கட்டம் சின்னது. எழுத்தைப் பொடிப்பொடியாக்கி, பேடிலிருந்து இருமல் வரைக்கும் அத்தனையையும் அதில் அடைத்தாள். எதற்கெதிரான பயிற்சி என்பதற்கு நேரே மேனேஜரின் பதவியையும் கலர் ரூமையும் எழுதினாள். ஓய்வு பெற இன்னும் ஏழு வருஷம் பாக்கி இருந்தது. பயிற்சி பெற்றவர்கள், பதினோரு பேர். அவர்களில் இன்னும் வேலையில் இருப்பவர், ஒருவர். அவரும் ராஜினாமா கொடுத்துள்ளார். பொருளின் தரம் என்று கடைசியாக ஒரு கட்டம். அதில் "பயனில்லை. மேனேஜருக்கு வசதியாக இருந்தது" என்று எழுதினாள்.

முதலாளி வந்ததும் தாளை நீட்டினாள். அவர் விரல் ஒவ்வொரு கட்டமாக ஓடி, கடைசிக் கட்டத்தையும் தாண்டி, தாளின் ஓரத்துக்குப் போயிற்று.

"இப்பதான் பாக்க நிறைவா இருக்கு" என்று கையெழுத்துப் போட்டார்.

அக்கா அதை மற்றக் காகிதங்களோடு சேர்த்து, கண் கழுவும் குழாய்க்கும் எலிப்பொறிக்கும் நடுவில் வைத்து, சோப்புக் கம்பெனிக்கு அனுப்பிவிட்டாள்.

நாலு நாள் ஒரு தகவலும் இல்லை. இதற்கிடையில் மேனேஜர் சொன்ன சொல் தவறாமல் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து, வாங்கிய வீடியோவைத் தாண்டித் தாண்டி ஓட்டி, ஒரே மத்தியானத்தில் நாற்பத்தாறு பேருக்கும் பரீட்சை எழுதி முடித்தார். கலர் பார்க்கும் பெண்ணின் சான்றிதழைத் தானே எடுத்துப்போய்க் கொடுத்தார். "பாப்பா நூத்துக்கு நூறு" என்றார். அவள் அதை வாங்கி மடித்து, மை துடைக்கிற துணிக்குப் பக்கத்தில் வைத்தாள். மாதக் கடைசிக்கு இன்னும் ஆறு நாள்தான் இருந்தது.

ஐந்தாம் நாள் சோப்புக் கம்பெனியின் ஆடிட் பிரிவிலிருந்து ஒரு அம்மா போன் செய்தார். முதலாளி பேசிவிட்டு முகமெல்லாம் மலர்ந்து அக்காவைக் கூப்பிட்டார்.

"நம்ம காகிதம் ரொம்ப விவரமா இருக்காம். நாளைக்கு நேர்லயே வராங்க. தற்போது வழங்குபவரைப் பாத்துப் பேசணுமாம். யாரும்மா அது? வரச் சொல்லிடுங்க."

"வந்துட்டாங்க சார். நான்தான்."

முதலாளி சிரித்தார். அவள் சிரிக்காததைப் பார்த்து நிறுத்தினார். பிறகு தாளின் நகலை வரவழைத்து, தன் வாழ்நாளில் முதல் தடவையாக ஒரு ஒப்பீட்டுத் தாளை முழுக்கப் படித்தார். படிக்கப் படிக்கக் கழுத்தெல்லாம் வியர்த்துவிட்டது.

"ஏம்மா, இதை என்கிட்ட வாயால சொல்லியிருக்கலாமே."

"காலியா விடக் கூடாதுன்னு நீங்கதான் சார் சொன்னீங்க."

அதற்கு மேல் அவர் அவள் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை. இன்றைக்கு வரைக்கும் சரியாகப் பேசுவதில்லை. ஆனால் முக்கால்வாசி ஆர்டர் போகிற விஷயம் என்பதால் மனுஷர் மளமளவென்று காரியத்தில் இறங்கினார். ஆடிட் அம்மா வந்து இரண்டு மணி நேரம் பெண்களைத் தனித்தனியாக விசாரித்துவிட்டுப் போனார். விசாரணை முடிகிற வரைக்கும் வீட்டில் இருக்கும்படி மேனேஜரிடம் சொன்னார்கள். "கதவு விதிமுறைதானே சார், நான் என்ன பண்ணேன்?" என்று கேட்டுவிட்டு, அவர் சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு கேட்டைத் தாண்டிப் போனார். அப்போது மட்டும் சிரிப்பைக் காணோம். சாயங்காலத்துக்குள் தச்சர் வந்து கலர் ரூம் கதவைக் கழற்றினார். மூன்று கொட்டேஷன் இல்லாமல் அந்தக் கம்பெனி வாங்கிய முதல் பொருள் அங்கே தொங்கவிட்ட கறுப்புத் திரைதான். பயிற்சி ஆர்டரும் இன்ஸ்பெக்டர் அம்மாவுக்கே போயிற்று.

மறுநாள் காலையில் கலர் பார்க்கும் பெண் பர்ச்சேஸ் அறைக்கு வந்தாள். அக்கா அவசர அவசரமாக எதிர் நாற்காலியில் இருந்த பில் கட்டுகளை எடுத்து இடம் பண்ணினாள். இந்தப் பெண் அழுவாள், கையைப் பிடித்துக்கொள்வாள் என்று எதிர்பார்த்து, தானும் அழத் தயாராகக் கைக்குட்டையைப் பக்கத்தில் எடுத்து வைத்திருந்தாள்.

"லெட்டரைத் திருப்பிக் குடுங்க அக்கா. நான் போகல."

அக்காவுக்கு அப்பாடா என்று இருந்தது. அலமாரியைத் திறந்து கடிதத்தை எடுத்துக் கொடுத்தாள். அந்தப் பெண் அதை நாலாகக் கிழித்துக் குப்பைக்கூடையில் போட்டுவிட்டு உட்கார்ந்தாள். கண்ணீரும் இல்லை, கையைப் பிடிக்கவும் இல்லை.

"மத்த பத்துப் பேர்கிட்டயும் ஆடிட் அம்மா பேசணுமாம். போன் நம்பர் வாங்கித் தரச் சொன்னாங்க."

"பழைய டைரியில இருக்கும், தேடித் தரேன். நீயே பேசிடறியா?"

"நான் பேசினா யாருன்னு கேப்பாங்க. அவங்களுக்கு உங்களைத்தான் தெரியும். நீங்க பேசுங்க, நான் எழுதிக்கறேன்."

சொல்லிவிட்டு ஒரு நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டாள். பேச்சில் மரியாதை குறையவில்லை, ஆனால் பிடி விடுவதாகவும் இல்லை. அக்கா டைரியைத் தேடி எடுத்தாள். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் வேலையை விட்டுப் போன ஒருத்தியின் நம்பர் முதலில் கண்ணில் பட்டது. அவளும் குடும்பச் சூழ்நிலை என்றுதான் எழுதிக் கொடுத்திருந்தாள். என்ன சொல்லி ஆரம்பிப்பது, மன்னிப்புக் கேட்பதா, எடுத்ததும் திட்டினால் என்ன செய்வது என்று யோசித்துக்கொண்டே அக்கா நம்பரை அமுக்கினாள்.

மறுமுனையில் குரல் உடனே அடையாளம் கண்டுகொண்டது.

"அக்காவா? எப்படிக்கா இருக்கீங்க? உங்களை நான் நினைக்காத நாளே இல்லக்கா. நான் இப்ப மருந்து அட்டை அச்சடிக்கற இடத்துல சூப்பர்வைசரா இருக்கேன். எல்லாம் நீங்க சொல்லிக் குடுத்த தைரியம்தான். இங்கயும் அதே மாதிரி ஒரு ஆள் இருக்கான். புதுசா வர்ற ஒவ்வொரு பொண்ணையும் முதல் நாளே உக்கார வச்சு சொல்லிடுவேன். பெரிய பேடா புடிச்சுக்கோ, ஸ்விட்ச் பக்கமா நில்லு, வீட்டுல மூச்சு விடாதேன்னு. நீங்க சொன்னதுல ஒரு வார்த்தை மாத்தலக்கா. இருபது பேருக்காவது சொல்லியிருப்பேன். அந்தப் புண்ணியமெல்லாம் உங்களுக்குத்தான் சேரணும்."

அக்கா போனைக் காதில் வைத்தபடியே உட்கார்ந்திருந்தாள். எதிரில் அந்தப் பெண் பேனாவைத் திறந்து பிடித்துக்கொண்டு காத்திருந்தாள்.

"என்ன சொல்றாங்க?"

அக்கா போனின் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"நன்றி சொல்றா" என்றாள்.